"18 வயசுன்னு ஒரு சர்டிபிகேட் குடுங்க சார்"

கொஞ்சம் நீளமான இழை இது. ஓபி முடிந்து, நைட் டியூட்டிக்கு முன்னால் கிடைத்த இடைவெளியில் எழுதுகிறேன். டீ ஏதாவது எடுத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

போன வருஷம் மே மாசம். காலை ஓபியில் கூட்டம் வடிந்துகொண்டிருந்த நேரம். ஒரு அம்மா வந்தார்கள். பின்னால் ஒரு பையன், பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்தவன். 15 வயது. மீசை வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. சீட்டை வாங்கிக்கொண்டு "என்ன தம்பி செய்யுது?" என்றேன். அவன் அம்மாவைப் பார்த்தான்.

"அவனுக்கு ஒண்ணும் இல்ல சார். 18 வயசு ஆயிருச்சுன்னு ஒரு சர்டிபிகேட் மட்டும் குடுத்தீங்கன்னா போதும். பட்டாசு ஆபீஸ்ல சேக்கணும்."

எங்கள் பக்கத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு விளக்கம்: இங்கே தீப்பெட்டித் தொழிற்சாலையும் ஆபீஸ்தான், பட்டாசுத் தொழிற்சாலையும் ஆபீஸ்தான். "அம்மா ஆபீசுக்குப் போயிருக்கா" என்று ஒரு பிள்ளை சொன்னால் கம்ப்யூட்டர், ஏசி என்று கற்பனை செய்துகொள்ளாதீர்கள்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. வயதை டாக்டர் நினைத்தபடி எழுதிக் கொடுக்க முடியாது. மணிக்கட்டு, முழங்கை, இடுப்பு எலும்புகளின் எக்ஸ்ரே, பல் வரிசை எல்லாம் பார்த்து ஒரு மதிப்பீடுதான் சொல்ல முடியும். அதுவும் ஒன்றிரண்டு வருஷம் முன்னே பின்னே ஆகும். பள்ளிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் எதுவுமே இல்லாதபோதுதான் அந்த வழி. இவன் கையில் பள்ளிக்கூடம் கொடுத்த பிறந்த தேதி இருக்கிறது. இதை விடுங்கள். தீக்காய வார்டில் இரண்டு வாரம் போஸ்டிங் பார்த்த எந்த டாக்டரும் ஒரு பதினைந்து வயசுப் பையனை வெடிமருந்துப் பக்கம் அனுப்பக் கையெழுத்துப் போட மாட்டார்.

"அம்மா, இது தப்பு. நான் மட்டும் இல்ல, எந்த டாக்டரும் தர மாட்டாங்க. வீட்டுல அவ்வளவு கஷ்டமா?" என்று கேட்டேன்.

அதற்கு அவர் சொன்ன பதிலால்தான் இந்த இழையே.

"கஷ்டம் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா காசுக்காவ இல்ல சார். நான் காலையில ஏழு மணிக்கு வேலைக்குப் போனா சாயந்தரம்தான் வருவேன். இவங்க அப்பா லாரில. பய வீட்டுல இருக்க மாட்டேங்கான். கெணத்துக்குப் போறான். இவன் கூட்டாளி ஒருத்தன் வண்டி வச்சிருக்கான், அதுல மூணு பேரு ஏறிக்கிட்டு எங்கெங்கயோ போறாங்க. ஒரு எடத்துல உக்கார வச்சா நான் நிம்மதியா வேல பாப்பேன். சம்பளம் தந்தா தரட்டும், தராட்டிப் போகட்டும்."

நான் பேசாமல் இருந்தேன். முந்தின வாரம்தான் எங்கள் கேஷுவால்டிக்கு ஒரு பையனைக் கல்குவாரித் தண்ணீரிலிருந்து தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். வரும்போதே உயிர் இல்லை. கூட வந்த நாலு பையன்களும் ஈர டவுசரோடு வராந்தாவில் நின்றார்கள். ஒருத்தனும் அழவில்லை, நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

(இடையில் ஒன்று. தண்ணீரில் மூழ்கியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கப் பார்க்காதீர்கள். மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், நெஞ்சை அழுத்துங்கள், 108க்குச் சொல்லுங்கள். இதை எத்தனை தடவை எழுதினாலும் தகும்.)

மே மாசம் எங்களைப் போன்ற தாலுகா மருத்துவமனையில் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 13 முதல் 17 வயசு வரை உள்ள பையன்கள் அதிகம் வரும் மாசம் அது. கிணறு, குவாரி, கண்மாய். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய பைக். பிறகு மூன்றாவதாக ஒரு வகை. கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போய், ராத்திரி பதினோரு மணிக்குக் கொதிக்கிற சாம்பார் வாளியோடு வழுக்கி விழுந்த பையன்கள். நான் கணக்கெடுத்துச் சொல்லவில்லை, என் டியூட்டியில் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்.

முதல் இரண்டு வகையும் வேலை கிடைக்காத பையன்கள். மூன்றாவது, வேலை கிடைத்த பையன்கள். இப்போது அவர்களுக்குக் கிடைக்கிற வேலையின் லட்சணம் அதுதான்.

நம்மில் நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம்: 15 வயசுப் பையன் வேலை பார்ப்பது சட்டப்படி குற்றம் இல்லை. 1986ஆம் வருஷத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016ல் திருத்தினார்கள். அதன்படி 14 வயது முடியாத பிள்ளையை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது. (குடும்பத் தொழிலுக்கும் சினிமா, டிவி மாதிரி கலைத் துறைக்கும் மட்டும் விலக்கு உண்டு. அதில் முதலாவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.) 14 முதல் 18 வரை உள்ளவர்களைச் சுரங்கம், வெடிபொருள், எளிதில் தீப்பிடிக்கும் பொருள், ஆபத்தான ரசாயன வேலைகள் இதிலெல்லாம் வைக்கக் கூடாது. மீறினால் 6 மாசம் முதல் 2 வருஷம் வரை சிறை, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். மற்ற வேலைகளில் வைக்கலாம், கட்டுப்பாடுகளோடு. ஓய்வு நேரத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 6 மணி நேரம்தான். மூன்று மணி நேரம் பார்த்தால் ஒரு மணி நேரம் ஓய்வு. ராத்திரி 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை கூடாது. ஓவர்டைம் கூடாது. வாரம் ஒரு நாள் லீவு.

ஒரு பத்தாம் வகுப்புப் பையனுக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நானே உட்கார்ந்து எழுதினாலும் எழுத முடியாது. காலை பத்து மணிக்குப் போய் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் அப்படி ஒரு வேலை எங்கே இருக்கிறது?

அந்த அம்மாவிடம் "ரெண்டு நாள் டைம் குடுங்க, நான் கேட்டுப் பாக்கேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டுத் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். ஊருக்குள் டாக்டர் என்றால் ஒரு மரியாதை இருக்கிறதே, பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

மளிகைக் கடை அண்ணாச்சி: "டாக்டர் சார், நீங்க சொல்லி நான் மாட்டேம்பனா? ஆனா லேபர் ஆபீஸர் வந்து நின்னா நான் என்ன சொல்ல? எதுக்கு வம்பு." 15 வயசு சட்டப்படி சரிதான் என்று சொன்னேன். "சட்டம் உங்களுக்குத் தெரியுது சார். கடையில பையனப் பாத்து 1098க்கு போன் போடுறவனுக்குத் தெரியுமா?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

மொபைல் கடைக்காரர்: "ஒரு மாசம் பழக்கி விடுவேன், அடுத்த மாசம் ஸ்கூலுக்குப் போயிருவான். எனக்கு என்ன லாபம்?" நியாயம்தான்.

பெரிய ஜவுளிக்கடை மேனேஜர் சந்தோஷமாகச் சம்மதித்தார். "உடனே அனுப்புங்க சார், ஆளே கிடைக்க மாட்டேங்கு. காலையில ஒன்பதரை, ராத்திரி பத்து." நான் ஆறு மணி நேரம் என்றதும் சிரித்தார். கேட்டரிங் வைத்திருக்கும் ஒருத்தரும் தயார், அங்கே எல்லாமே ராத்திரி வேலை. சூப்பர் மார்க்கெட்டில் ஆதார் பார்த்து 18 ஆகியிருந்தால்தான் எடுப்பார்களாம்.

பஸ் ஸ்டாண்டைச் சுற்றி 'வேலைக்கு ஆட்கள் தேவை' போர்டு தொங்காத கடை இல்லை. அவர்களுக்கு வேண்டியது வருஷம் முழுக்க, தினம் 12 மணி நேரம் நிற்கிற ஆள். சட்டத்துக்குப் பயப்படுகிற நல்ல மனுஷன் பையனை வேண்டாம் என்கிறார். பயப்படாத ஆள் வா என்கிறார், ராத்திரி வேலைக்கு. ஆக நல்ல கதவு பூட்டியிருக்கிறது, மோசமான கதவு திறந்தே கிடக்கிறது. தப்பு சட்டத்தில் இல்லை. அந்தச் சட்டம் எதை அனுமதிக்கிறது என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

என் கதையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். 2003ல் நான் பத்தாம் வகுப்பு முடித்தேன். அம்மா வீட்டில் தீப்பெட்டி ஒட்டுவார். அந்த லீவில் தெருமுனை எஸ்டிடி பூத்தில் சேர்ந்தேன். கூடவே ஒரு ஜெராக்ஸ் மெஷினும் உண்டு. பகல் நேரத்தில் ஓனர் சாப்பிட்டுத் தூங்கப் போவார், அந்த நேரத்துக்கு நான். மாசம் 400 ரூபாய். கண்ணாடிக் கூண்டுக்குள் ஆள் போனதும் மீட்டரில் சிவப்பு எண் ஓட ஆரம்பிக்கும். வெளிநாட்டில் இருக்கிற புருஷனிடம் பேச வருகிற அக்காமார், கையில் எவ்வளவு இருக்கிறதோ அதற்கு மேல் ஓடாமல் நான் கதவைத் தட்ட வேண்டும். சிலர் உள்ளே அழுதுகொண்டிருப்பார்கள். தட்டவா வேண்டாமா? தட்டாவிட்டால் காசு கூடும், பிறகு அவர்கள் வெட்கப்படுவார்கள். தட்டினால் அழுகை பாதியில் நிற்கும். அந்த இரண்டு மாசத்தில் பக்கத்தில் நின்றும் காதில் வாங்காமல் இருக்கப் பழகினேன். சில்லறை கொடுக்கும்போது முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகினேன். எம்பிபிஎஸ் ஐந்தரை வருஷத்தில் இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இன்றைக்கும் ஓபியில் எனக்கு உதவுகிற விஷயம் அது.

ஒரு நாள் கணக்கில் 35 ரூபாய் குறைந்தது. ஓனர் சத்தம் போடவில்லை, என்னையே திரும்பவும் கூட்டச் சொன்னார். நான் ஒரு ரசீதை விட்டிருந்தேன். அப்பா என்றால் அடித்திருப்பார். அடிக்காத, சொந்தக்காரர் இல்லாத ஒரு பெரிய மனுஷனிடம் தப்பு செய்து, திருத்திக்கொண்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

அந்த பூத் எப்போதோ போய்விட்டது. எஸ்டிடி பூத் மட்டுமா? கேசட் கடை, சிடி வாடகைக் கடை, வாடகை சைக்கிள் கடை, பிரவுசிங் சென்டர், கதைப் புத்தகம் வாடகைக்கு விடும் லெண்டிங் லைப்ரரி. எங்கள் வயசுக்காரர்கள் முதல் சம்பளம் வாங்கிய இடங்களை எண்ணிப் பாருங்கள். அத்தனையும் பகல் வேலை, உட்கார்ந்து பார்க்கிற வேலை, மனுஷ முகத்தைப் பார்த்துப் பேசுகிற வேலை. எல்லாம் ஒரு செல்போனுக்குள் போய்விட்டது. புதிதாக வந்திருப்பது டெலிவரி வேலை. அதற்கு லைசென்ஸ் வேண்டும், 18 வயசு வேண்டும். அது சரிதான். சின்னப் பையன் வண்டி ஓட்டினால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 வருஷம் வரை சிறையும் என்று 2019ல் சட்டமே வந்துவிட்டது. பழசு போனதற்கு ஈடாக இந்த வயசுக்கு எதுவும் வரவில்லை.

வந்தது ஒன்றுதான். போனில் 'பார்ட் டைம் ஜாப்' என்று தேடினால் டெலிகிராமில் ஒருத்தன் வருவான். வீடியோவுக்கு லைக் போடு, 50 ரூபாய் என்பான். முதல் நாள் உண்மையாகவே அனுப்புவான். மூணாம் நாள் நீ 2,000 கட்டு, 5,000 ஆகத் திருப்பித் தருகிறேன் என்பான். எங்கள் ஸ்டாஃப் ஒருவரின் மகன் அம்மாவின் போனிலிருந்து அப்படி அனுப்பிவிட்டு, வீட்டில் சொல்லப் பயந்து எலி பேஸ்ட்டைத் தின்றுவிட்டான். பிழைத்துக்கொண்டான். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

"அப்போ குழந்தைத் தொழிலாளர் முறை வேணும்கிறீங்களா டாக்டர்?" இந்தக் கேள்வி வரும் என்று தெரியும், வரவும் வேண்டும். இந்த மண்ணில் அந்தக் கேள்விக்கு வரலாறு இருக்கிறது. 1953ல் ராஜாஜி அரசு, பிள்ளைகளுக்குப் பாதி நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டு வந்தது. குலக்கல்வி என்று பெயர் வைத்துப் பெரியாரும் திராவிட இயக்கமும் எதிர்த்தார்கள். 1954ல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. கைவிடப்படாமல் இருந்திருந்தால் என் தாத்தாவின் தொழிலில் நான் இருந்திருப்பேன், இந்த இழையை எழுதியிருக்க மாட்டேன். சிவகாசி குழந்தைகளுக்காகப் போடப்பட்ட வழக்கில், வேலையில் வைத்திருந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996ல் சொன்னது. எங்கள் தெருவில் கட்டை அடுக்கப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வந்ததில் இந்த மாதிரி தீர்ப்புகளுக்கும் மதிய உணவுக்கும் பங்கு உண்டு. அதிலிருந்து ஒரு அடி பின்னால் போக நான் சம்மதிக்க மாட்டேன்.

எனக்கு உறுத்துவது வேறு. முன்பு சொன்ன அந்தக் குடும்பத் தொழில் விலக்கு. பள்ளி நேரம் போக, விடுமுறையில், 14 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளையும் வீட்டுத் தொழிலில் உதவலாம் என்கிறது 2016 திருத்தம். அப்படியென்றால் லீவில் சலூன்காரர் மகன் சலூனில் இருப்பான், கடைக்காரர் மகன் கல்லாவில் இருப்பான். என் ஓபிக்கு வந்த பையனின் அம்மா எங்கே வேலைக்குப் போகிறாரோ அங்கேதான் அவனும் போகப் பார்த்தான், வயசை மாற்றி எழுதியாவது. அப்பா அம்மா பார்க்காத ஒரு வேலையை ஒரு மாசம் பக்கத்தில் நின்று பார்க்கிற வாய்ப்பு யாருக்கு இருக்கிறது? ஆள் பழக்கம் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு. அவர்களுக்கு அதன் பெயர் 'இன்டர்ன்ஷிப்'. நகரத்தில் சம்மர் கேம்ப் என்று பல ஆயிரம் கட்டி ரோபோ செய்யவும் கேக் செய்யவும் கற்றுக்கொள்கிறார்கள். கற்றுக்கொள்ளட்டும், நல்லதுதான். நாளைக்கு என் மகளையும் நான் அனுப்பக்கூடும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். சுருக்கமாக: அவர்களுக்கு லீவே கிடையாது. வீட்டுவேலை, தம்பி தங்கையைப் பார்ப்பது, தீப்பெட்டி ஒட்டுவது. யாரும் இதை வேலை என்று சொல்வதில்லை. வெளியே போனால் நூற்பாலை ஏஜென்ட் காத்திருப்பார். 'சுமங்கலித் திட்டம்' என்று, கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று ஆசை காட்டி ஹாஸ்டலில் அடைத்து வேலை வாங்கிய கதை எல்லோருக்கும் தெரிந்தது. பெற்றவர்கள் பயப்படுவதில் தப்பே இல்லை. அதனால்தான் அவர்களுக்கு நம்பி அனுப்பக்கூடிய இடம் இன்னும் அதிகமாகத் தேவை.

அப்படி இடம் இல்லாமல் இல்லை. எங்கள் ஊர் கிளை நூலகத்தில் ஒரே ஒருவர்தான், புத்தகம் அடுக்கவும் அவரே, பதிவு எழுதவும் அவரே. தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதத் தெரியாமல் நிற்கிறவர்கள் எத்தனை பேர். என் ஆஸ்பத்திரியையே எடுத்துக்கொள்ளுங்கள். வயசானவர்கள் எந்த ரூமில் சுகர் பார்ப்பது, எந்த கவுன்டரில் மாத்திரை வாங்குவது என்று தெரியாமல் காலையில் முழுக்க அலைகிறார்கள். நோயாளியைத் தொடாமல், வார்டுக்குள் போகாமல், ஓபி வாசலில் நின்று வழி சொல்ல நாலு பிள்ளைகள் இருந்தால் எங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி! காலை ஒன்பது மணி முதல் பன்னிரண்டு மணி வரை, ஒரு மாசம், ஒரு ஊக்கத்தொகை. பேருராட்சியும் நகராட்சியும் பட்ஜெட்டில் ஓர் ஓரத்தில் இதற்கு இடம் ஒதுக்கலாம். தேர்வு முடிகிற அன்றைக்கே தலைமை ஆசிரியர் கையில் ஒரு பட்டியல் இருக்க வேண்டும். எந்தக் கடை, எந்த ஆபீஸ், எத்தனை மணி வரை, யார் பொறுப்பு என்று. தொழிலாளர் துறை என்ன கூடும், என்ன கூடாது என்று தமிழில் ஒரே ஒரு பக்கம் அடித்துக் கடைகளில் ஒட்டினால் அண்ணாச்சியின் பயம் பாதி போய்விடும். 1098க்குப் போன் போடுகிறவர்களும் அதைப் படிப்பார்கள். போன் போடுவதை நிறுத்திவிடாதீர்கள், அது வேறு விஷயம்.

சும்மா வாங்கிக்கொள்வது மட்டும் கூடாது. 'சேவை' என்ற பெயரில் பிள்ளைகளிடம் இலவசமாக வேலை வாங்க நம் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். என் பேஷன்ட் ஒருவர், சுகருக்கு மாத்திரை வாங்க வருகிறவர், நோட்டுப் புத்தகக் கடை வைத்திருக்கிறார். அவருக்கு மே கடைசியிலும் ஜூன் முதலிலும்தான் வியாபாரமே. அவரும் முதலில் தயங்கினார். சட்டத்தில் இருக்கிற நேரக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பையனின் வயசுச் சான்று நகல் ஒன்றைக் கடையில் வைத்துக்கொண்டார், ஆய்வாளருக்கு எழுத்தில் தகவலும் கொடுத்தார். பத்து மணி முதல் நாலு மணி வரை, நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். ஒரு நாளைக்கு 300 ரூபாய்.

ஒருத்தனுக்குக் கிடைத்தது, அதுவும் ஒரு டாக்டர் நாலைந்து போன் போட்டதால். அவனோடு வண்டியில் ஏறிய மற்ற இருவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் மகளுக்கு நோட்டு வாங்க அந்தக் கடைக்குப் போனேன். வாசல் வரை கூட்டம். கவுன்டருக்குள் அவன்தான் நின்றான், காதில் பேனா சொருகியிருந்தான். தெரிந்த பையனாச்சே என்று ஓரமாக நுழைந்து கையை நீட்டினேன். எடுத்த பில்லிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்:

"சார், கொஞ்சம் வரிசையில வாங்க."